பாடியவர் போனார், பாட்டு போகவில்லை!

அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது.

கீற்றுக் கொட்டகை. உள்ளே கொள்ளாத ஜனக்கூட்டம். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட் என்று மூன்று ரகம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம் தொடங்கும். முடியும்போது கோழி கூவிவிடும். மேடையில் பாடுகிறவரின் குரல், கடைசியில் தட்டி ஓரம் நிற்கிறவனுக்கும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருப்பானா? சீட்டி அடிப்பான். கூச்சல் போடுவான்.

ஆகவே ராஜபார்ட் நடிகருக்கு முகவெட்டு அப்புறம்தான். முதலில் வேண்டியது குரல்.

அப்படிப்பட்ட கொட்டகைகளில் கொடி கட்டிப் பறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. அவர் பாட வாய் திறந்தால் கொட்டகையே அடங்கிவிடும் என்பார்கள். மற்றவர்கள் எட்டிப் பார்க்க அஞ்சும் உச்ச ஸ்தாயியில் அவர் நின்று விளையாடுவார்.

இவ்வளவு புகழ் பெற்ற கிட்டப்பா எத்தனை ஆண்டு வாழ்ந்தார் தெரியுமா?

27 ஆண்டுகள்தான்!

செங்கோட்டைச் சிறுவன்

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது செங்கோட்டை. அங்கே 1906-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி கிட்டப்பா பிறந்தார். அப்பா பெயர் கங்காதர அய்யர். பிள்ளைக்கு வைத்த பெயர் ராமகிருஷ்ணன். வீட்டில் செல்லமாகக் கூப்பிட்ட பெயர்தான் பிறகு நாடு முழுவதும் பரவியது.

பெரிய குடும்பம், சிறிய வருமானம். பிள்ளைகள் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். அன்று நாடகக் கம்பெனிதான் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சாப்பாடு போடுவார்கள். பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுப்பார்கள். பாடம் தப்பினால் பிரம்படியும் உண்டு. நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயிற்சி பெற்று, சிறு வயதிலேயே கிட்டப்பா மேடை ஏறினார். பிறகு கன்னையா கம்பெனியில் நடித்துப் பெரும் பெயர் எடுத்தார்.

தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகள் அப்போது கப்பல் ஏறி இலங்கைக்கும் போகும். கொழும்பில் தமிழ் நாடகத்துக்கு நல்ல வசூல். அங்கேதான் கிட்டப்பாவின் வாழ்க்கை திசை திரும்பியது.

கொழும்பில் ஒரு குயில்

கொடுமுடியில் 1908-ம் ஆண்டு பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். வறுமையான குடும்பம். சிறுமியாக இருந்தபோது ரெயிலில் பாடிக் காசு சம்பாதித்தவர். நாடகத்தில் சேர்ந்து, கொழும்பில் நடித்துக்கொண்டிருந்தார். அந்த ஊர் ரசிகர்கள் அவரைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

இந்த நேரத்தில் கிட்டப்பாவும் கொழும்புக்கு வந்தார். இருவரையும் ஒரே மேடையில் ஏற்ற ஏற்பாடு நடந்தது.

"வேண்டாம் அம்மா. அவரோடு பாடினால் உன் குரல் எடுபடாது" என்று சுந்தராம்பாளைப் பலர் பயமுறுத்தினார்களாம். சுந்தராம்பாள் கேட்கவில்லை. வள்ளி திருமணம் நாடகம். கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி. அவர் ஒரு படி ஏறினால் இவரும் ஒரு படி ஏறினார். யாரும் யாருக்கும் இளைக்கவில்லை. ஜனங்களுக்குக் கொண்டாட்டம்!

மேடையில் வேலனும் வள்ளியுமாக நின்றவர்கள் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். 1927-ம் ஆண்டு திருமணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகி, கிட்டம்மாள் என்ற மனைவி இருந்தார். அது தெரிந்தேதான் சுந்தராம்பாள் அவரை ஏற்றுக்கொண்டார்.

ஊர் ஊராக நாடகம். இசைத்தட்டுகள். கதர் உடுத்தி தேசியப் பாடல்கள். பணம் கொட்டியது. ஆனால் நிம்மதி நிலைக்கவில்லை. இருவருக்கும் மனத்தாங்கல் வந்தது. பிரிந்தார்கள். பிரிந்த பிறகும் சுந்தராம்பாள் அவருக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்து, படித்தவர்களைக் கண் கலங்க வைத்தன.

கிட்டப்பாவின் உடல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருந்தது. இரவெல்லாம் கண்விழிப்பு, ஓயாத பயணம், போதாதற்குக் குடிப்பழக்கம். எத்தனை பெரிய சாரீரமாக இருந்தாலும் அதைத் தாங்குவது சரீரம்தானே? 1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா கண்ணை மூடினார்.

மூன்று நிமிஷம்

முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931-ல் வந்துவிட்டது. ஆனால் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவர் எப்படி நடந்தார், எப்படிக் கையை உயர்த்தினார், எப்படிச் சிரித்தார் என்பதைக் காட்ட ஓர் அடி பிலிம் கூட இல்லை.

இருப்பது கிராமபோன் இசைத்தட்டு மட்டுமே.

அந்தக் கறுப்புத் தட்டு அரக்குக் கலவையால் ஆனது. கீழே விழுந்தால் உடையும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷம்தான் பாட்டு கொள்ளும். பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி முறுக்கேற்ற வேண்டும். ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். கொட்டகையிலோ ஒரே பாட்டை ரசிகர்கள் மறுபடி மறுபடி பாடச் சொல்வார்கள். 'ஒன்ஸ்மோர்' என்று கத்துவார்கள். பாடுகிறவர் ராகத்தை விஸ்தாரமாக இழுப்பார். அத்தனையையும் சுருக்கி மூன்று நிமிஷத்தில் அடைக்க வேண்டும்.

இன்று கைப்பேசியில் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்கிறவர்கள் அந்த மூன்று நிமிஷத்தைத்தான் கேட்கிறார்கள். அதிலும் ஊசி கீறும் சத்தம் கலந்திருக்கிறது. இருந்தும் அந்தக் குரல் கணீரென்று எழும்பி வருகிறது. விடிய விடியக் கேட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள்!

வெள்ளைச் சேலை

கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. நகைகளைக் கழற்றினார். வெள்ளைச் சேலை உடுத்தினார். நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

நடிப்பைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண் இப்படிச் சபதம் எடுத்தால் பிழைப்பது எப்படி? ஊர் அப்படித்தான் நினைத்தது. நடந்தது வேறு.

1935-ல் பக்த நந்தனார் படம் எடுத்தார்கள். சுந்தராம்பாளை நடிக்க அழைத்தார்கள். எந்த வேஷம்? நந்தனார் வேஷம்! ஆண் வேஷத்தில் அவரே கதாநாயகன். ஜோடி என்ற பேச்சுக்கே இடம் இல்லை. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். பத்து, பதினைந்து ரூபாய் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடந்த காலத்தில் ஒரு லட்சம்!

அதன்பிறகு மணிமேகலை. பிறகு 1953-ல் ஜெமினியின் அவ்வையார். தமிழ் மக்கள் மனத்தில் அவ்வைப் பாட்டி என்றால் இன்றும் சுந்தராம்பாள் முகம்தான் வருகிறது. 1964-ல் பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகள். 1965-ல் திருவிளையாடல் படத்தில் மீண்டும் அவ்வையார். துறவி, பாட்டி, பக்தை. அவர் ஏற்ற வேஷங்கள் எல்லாம் அந்தச் சபதத்துக்குள் அடங்கியவை.

தேர்தல் பிரசாரத்தில் காங்கிரசுக்காக மேடை மேடையாகப் பாடினார். சென்னை மேல்-சபை உறுப்பினராகவும் ஆனார். 1970-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1980-ம் ஆண்டு காலமானார். கிட்டப்பா போனபின் 47 ஆண்டுகள் வெள்ளைச் சேலையிலேயே வாழ்ந்தார்.

கிட்டப்பாவின் சொத்து எது என்று கேட்டால் சில இசைத்தட்டுகளைச் சொல்லலாம். ஆனால் அவரைக் கண்ணால் கண்டிராத தலைமுறைக்கும் அவர் பெயர் தெரிந்திருப்பதற்குக் காரணம் இந்த அம்மையார்தான்.

திருச்சியின் தங்கக் குரல்

கிட்டப்பா மறைந்த மறு ஆண்டு, 1934-ல், பவளக்கொடி என்ற படம் வந்தது. கதாநாயகன் 24 வயது இளைஞர். தோள் வரை தொங்கும் முடி. பொன் போன்ற நிறம். கிட்டப்பாவைப் போலவே உச்ச ஸ்தாயியில் சஞ்சரிக்கும் குரல்.

அவர்தான் எம். கே. தியாகராஜ பாகவதர்.

மாயவரத்தில் 1910-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி பிறந்தவர். பொற்கொல்லர் குடும்பம். வளர்ந்தது திருச்சியில். அங்கே ரசிக ரஞ்சன சபா நடத்திய எப். ஜி. நடேச அய்யர், சிறுவனின் குரலைக் கேட்டு வியந்தார். அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். பிறகு முறையாகச் சங்கீதம் கற்று 'பாகவதர்' ஆனார்.

சினிமாவில் அவர் வைத்ததுதான் சட்டம். 1937-ல் சிந்தாமணி. மதுரையில் அந்தப் படத்தின் வசூலைக் கொண்டு ஒரு தியேட்டரே கட்டினார்கள். அதற்குச் சிந்தாமணி என்றே பெயரும் வைத்தார்கள். அதே ஆண்டு அம்பிகாபதி. அடுத்து திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி. பாபநாசம் சிவன் பாட்டு எழுதுவார், பாகவதர் பாடுவார், வண்டிக்காரன் முதல் வக்கீல் வரை முணுமுணுப்பார்கள். இளைஞர்கள் கழுத்து வரை முடி வளர்த்தார்கள். அதற்குப் 'பாகவதர் கிராப்' என்று பெயர்.

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளியாயிற்று. தாய் தந்தையரை விரட்டிய மகன், திருந்தி அவர்களுக்கே தொண்டு செய்யும் கதை. சென்னை பிராட்வே தியேட்டரில் அது ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தீபாவளி அல்ல, இரண்டு அல்ல, மூன்று தீபாவளி கண்டது!

ஆனால் இரண்டாவது தீபாவளிக்கும் மூன்றாவது தீபாவளிக்கும் பாகவதர் எங்கே இருந்தார்?

கம்பிக்குப் பின்னால் கதாநாயகன்

ஹரிதாஸ் வெளியாகி ஒரு மாதம் ஆகவில்லை. 1944 நவம்பர் 8-ந் தேதி சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். 'இந்து நேசன்' என்ற பத்திரிகையில் நடிகர், நடிகைகளின் அந்தரங்கங்களை எழுதி வந்தவர் அவர்.

கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதர் கைது செய்யப்பட்டார். நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார். நாடே திகைத்தது. டீக்கடையிலும் திண்ணையிலும் இதே பேச்சு. 1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. இருவருக்கும் ஆயுள் தண்டனை!

ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார்கள். பலிக்கவில்லை. அன்று இந்தியர்களுக்குக் கடைசி நீதி மன்றம் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அங்கே வழக்கு போயிற்று. அப்பீலை மீண்டும் விசாரிக்கும்படி பிரிவி கவுன்சில் உத்தரவிட்டது. 1947 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது.

ஒரு பக்கம் ஊரெல்லாம் வெள்ளித்திரையில் பாகவதர் பாடிக்கொண்டிருக்கிறார். மறுபக்கம் அதே பாகவதர் சிறையில் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு காட்சியை எந்தக் கதாசிரியரும் எழுதியதில்லை.

சிறைக்குப் போகுமுன் நடித்த படங்கள் 9. வந்தபின் நடித்தவை 5. முதல் ஒன்பதில் பெரும்பாலானவை வெற்றி. பின்னால் வந்த ஐந்தில் எதுவும் பழைய வெற்றிக்குக் கிட்டே கூட வரவில்லை. சொந்தமாக எடுத்த ராஜமுக்தி கையைச் சுட்டது. அதில் மனிதர் ஒடிந்துபோனார்.

சிறைவாசம்தான் அவரைக் கெடுத்தது என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. அதே வழக்கில், அதே நாளில் வெளியே வந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நல்லதம்பி, மணமகள் என்று மறுபடியும் வெற்றிப் படங்கள் கொடுத்தார். பாகவதருக்கு மாறியது காலம். பாட்டுக்காகப் படம் பார்த்த ஜனங்கள் வசனத்துக்காகப் படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பராசக்தி 1952-ல் வந்தது. கதாநாயகன் வாயசைத்தால் போதும். பாட வேறொருவர் இருக்கிறார் என்ற நிலை வந்துவிட்டது.

பாகவதருக்குப் போட்டியாக விளங்கிய பாடகர்-நடிகர் பி. யு. சின்னப்பாவும் 1951-ல் தம் 35-வது வயதில் திடீரென்று இறந்துவிட்டார். பாடி நடிக்கும் கதாநாயகர்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

கடைசி நாட்கள்

பாகவதரைச் சர்க்கரை நோய் பிடித்தது. படங்கள் குறைந்தன. ஆனால் கச்சேரியை அவர் விடவில்லை. கோவில் திருவிழாக்களில் பாடினார். பட்டு ஜிப்பாவும் வைரக் கடுக்கனுமாக வலம் வந்தவரை ஜனங்கள் எளிய கோலத்தில் பார்த்தார்கள்.

1959 அக்டோபரில் உடல்நிலை மோசமாயிற்று. சென்னை பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். நவம்பர் 1-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 49. உடலைத் திருச்சிக்குக் கொண்டுசென்று சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் நடித்த சிவகாமி, அவர் இறந்த பிறகு 1960-ல் வெளியாயிற்று.

பணம் வந்தபோது அவர் எண்ணிச் செலவு செய்யவில்லை. போனபோது வருந்தி யாரிடமும் கை நீட்டவில்லை என்பார்கள். வீடு வாசல் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் குரல் மிஞ்சியது. அதுவும் இன்னொருவர் தொண்டையில்!

மதுரையில் ஒரு வாலிபர் பாகவதரைப் போலவே பாடிப் பாடிப் பழகியிருந்தார். 1950-ல் வந்த கிருஷ்ண விஜயம் படத்தில் அவருக்குப் பின்னணி பாடும் வாய்ப்புக் கிடைத்தது. கேட்டவர்கள் 'இது பாகவதர் குரல் அல்லவா' என்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். அந்த வாலிபர் டி. எம். சவுந்தரராஜன். பிறகு அவர் தமக்கென்று தனிப் பாணி அமைத்துக்கொண்டு சிவாஜிக்கும் எம். ஜி. ஆருக்கும் பாடினார். பாகவதரின் அசோக்குமார் படத்தில் எம். ஜி. ஆர். ஒரு துணை வேஷத்தில் நடித்தவர் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

மெல்லிய குரல்

பாகவதர் மறைந்த அதே 1959-ல்தான் கல்யாணப் பரிசு படம் வந்தது. ஸ்ரீதர் டைரக்ட் செய்த முதல் படம். பாட்டு எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். படம் ஓஹோ என்று ஓடியது. அதே ஆண்டு அக்டோபரில் பட்டுக்கோட்டையார் தம் 29-வது வயதில் காலமானார்.

அந்தப் படத்துக்கு இசை அமைத்து, பாடவும் செய்தவர் ஏ. எம். ராஜா. கிட்டப்பாவின் குரலுக்கும் இவர் குரலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ராஜா கத்திப் பாட மாட்டார். காதோடு பேசுவதுபோலப் பாடுவார். மைக் இல்லாத கொட்டகையில் அந்தக் குரல் மூன்றாவது வரிசைக்கு மேல் கேட்டிருக்காது. மைக் வந்ததால்தான் அப்படி ஒரு குரல் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது.

சித்தூர் மாவட்டத்தில் 1929-ல் பிறந்தவர். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று பல மொழிகளில் பாடினார். பாடகி ஜிக்கியைக் காதலித்து மணந்தார். விடிவெள்ளி, தேன் நிலவு படங்களுக்கும் இசை அமைத்தார். பிடிவாதக்காரர், யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டார் என்று பெயர். சினிமாவில் அது செல்லுமா? வாய்ப்புகள் குறைந்தன. கச்சேரிகள் செய்து வந்தார்.

1989-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். நெல்லைச் சீமையில் வள்ளியூர் ரெயில் நிலையம். ராஜா ரெயிலில் ஏறப் போனார். கால் தவறியது. தண்டவாளத்தில் விழுந்து அந்த இடத்திலேயே உயிர் இழந்தார். வயது 59. காலையில் ரேடியோவில் கேட்ட குரலுக்கு உரியவர் இப்படிப் போவார் என்று யார் நினைத்தார்கள்?

கணவர் போனபின் ஜிக்கி மேடைக் கச்சேரிகளைத் தொடர்ந்தார். அந்த ஆண்டு வெளிவந்த பாட்டுக்கு ஒரு தலைவன் படத்தில், இளையராஜா இசையில் அவர் குரல் ஒலித்தது. இளைய தலைமுறை, 'யார் இந்தப் புதுப் பாடகி' என்று விசாரித்தது. 1948-ல் ஞானசவுந்தரி படத்தில் பாடியவர் அவர் என்று வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. 2004-ம் ஆண்டு ஜிக்கியும் காலமானார்.